நற்செய்திக்குள் நடந்து சென்ற இஞ்ஞாசியார்

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, ஸ்பெயினின் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படைகள் தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று வீரர் ஒருவரின் வலது காலை முறித்து இடது காலையும் காயப்படுத்தியது. பிற்காலத்தில் இயேசு சபையைத் தோற்றுவித்த புனித லொயோலா இஞ்ஞாசியாரே அவ்வீரர். முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாது துருத்தி நின்றது. நேர்த்தியான காலணி அணிவதற்கு அது தடையாகுமென எண்ணி, அதனை அறுத்தெடுக்கும்படி தாமே கேட்டுப் பெரும் வேதனையைத் தாங்கிக்கொண்டார். உலகின் மெச்சுதல் மீது அவருக்கு அத்துணை ஆசை!

படுக்கையில் கிடந்தவர் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டிலோ புனிதர் வரலாற்று நூலொன்றும், லுடோல்ஃப் எனும் துறவி எழுதிய கிறிஸ்துவின் வரலாறும்தான் இருந்தன. நற்செய்தி நிகழ்ச்சிகளை உடனிருப்பவர்போல் மனக்கண்ணால் காணும்படி வாசகரை அழைப்பது லுடோல்ஃபின் நூல். இஞ்ஞாசியார் அதில் ஆழ்ந்தார். கிறிஸ்துவின் வாக்குகளைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாளின் வாக்குகளை நீல மையிலுமாக ஏறத்தாழ முந்நூறு தாள்கள் எழுதி வைத்தார்.

வாசிப்பின் இடையே அவரது கற்பனை இரு திசைகளில் ஓடியது. உயர்குலப் பெண்ணொருத்தியின் மனங்கவரும் வீரச்செயல்களை மணிக்கணக்காகக் கனவு கண்டார். புனித பிரான்சிஸைப்போல் தாமும் வாழ்ந்தால் என்னவென்றும் எண்ணினார். இரண்டும் இனித்தன. ஆனால் முதற்கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டது. மற்றையது கலைந்த பின்பும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை அவர் கண்டுகொண்டதே அவரது வாழ்வின் திருப்பம்.

எனினும் கற்பனையில் தோன்றுவதெல்லாம் இறைவனிடமிருந்து வருவதன்று. 1522இல் மன்ரேசாவில் தவமிருந்த நாட்களில், பாம்பு போன்ற அழகிய உருவமொன்று அவருக்குப் பலமுறை தோன்றி ஆறுதலளித்தது. அது மறையும்போது மனம் வாடியது. பின்னரே அதனைத் தீய ஆவியின் ஏமாற்றென உணர்ந்து விரட்டினார். பாவசங்கீர்த்தனம் செய்த பின்னரும் பழைய பாவங்களின் நினைவு அவரை வாட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. அந்த இருளில் கற்றவையே அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்கு வித்தாயின.

1523இல் எருசலேம் சென்றார். ஒலிவ மலையில், ஆண்டவர் விண்ணேறிய வேளையில் பதிந்தவை எனப் போற்றப்படும் பாதச்சுவடுகளைக் காண, காவலருக்குத் தமது சிறு கத்தியைக் கொடுத்து உள்ளே சென்றார். வலது பாதம் எப்பக்கம், இடது பாதம் எப்பக்கம் என்பதைக் கவனிக்கத் தவறியது நினைவுக்கு வரவே, கத்தரிக்கோலையும் கொடுத்து மறுபடி சென்று பார்த்தார். சிலருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அவருக்கோ மனக்கண்ணில் அந்தக் காட்சி தெளிவாக நிற்க வேண்டியிருந்தது.

அதே கவனம் ‘ஆன்மீகப் பயிற்சி’களிலும் உண்டு. ஆண்டவரின் பிறப்பைத் தியானிப்போர், நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் பாதையின் நீள அகலத்தையும், அது சமவெளியா மலைவழியா என்பதையும், குகையின் உயரத்தையும் மனக்கண்ணால் காணவேண்டும். பின்பு தகுதியற்ற ஏழைப் பணியாளராய் அக்குகைக்குள் நின்று, திருக்குடும்பத்திற்கு ஏவல் செய்யவேண்டும்.

படிப்பில்லாதவர் ஆன்மீகம் போதிப்பதா என்ற ஐயம் எழுந்தது. 1527இல் அல்கலா நகரில் 42 நாட்களும், பின்னர் சலமன்காவில் 22 நாட்களும் சிறைப்பட்டார். நீதிபதிகள் அவரது குறிப்புகளை ஆராய்ந்தும் தவறேதும் காணவில்லை. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அந்நூலை அங்கீகரித்தார்.

1537இல் குருவான அவர், தமது முதற் திருப்பலியை ஒன்றரை ஆண்டுகள் தள்ளிவைத்தார். 1538ஆம் ஆண்டு நத்தார் இரவில், உரோமையின் புனித மரியாள் பேராலயத்திலுள்ள தீவனத்தொட்டிச் சிற்றாலயத்தில் அதனை ஒப்புக்கொடுத்தார்.