வீரமாமுனிவர் கண்ட பிறப்புத் திருநாள்

இத்தாலிய நாட்டில் மாந்துவா நகரை அடுத்துக் காஸ்திலியோனே என்னும் ஊர் ஒன்றுண்டு. ஞானப்பிரகாசியார் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் போற்றும் அர்ச்சியசிஷ்டர் தோன்றிய ஊரும் அதுவே. அவ்வூரில் 1680 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் பிறந்த பெஸ்கி என்பாரே பிற்றை நாளில் நம் வீரமாமுனிவராயினார். 1698 இல் இயேசு சபை புகுந்தார்; 1710 இல் கோவாத் துறையில் இறங்கினார்; மறுவாண்டு மதுரை மிஷனைச் சார்ந்தார். மீண்டும் தாயகம் கண்டாரல்லர்.

அந்நாட்டார்க்குக் கிறிஸ்து பிறப்பு விழா பனிக்காலத்து விழா. 1223 இல் கிரேச்சியோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் முனிவர் வைக்கோலும் மாடும் கழுதையுமாகத் தொழுவம் அமைத்துக் காட்டினார். குடில் வைக்கும் வழக்கம் அதன்பின் அங்கு வேரூன்றிற்று. அவ்வழக்கம் நிலவிய மண்ணில் வளர்ந்தவர் இந்நாட்டில் கழித்த மார்கழிகளோ ஏறத்தாழ 36. நம் புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த ஆவூரிலும் அவர் பணிபுரிந்தனர் என்பர். வானம் பார்த்த பூமியும் கண்மாய்க் கரையுமாகிய இவ்விடத்தே இத்தாலியப் பனியை எங்கே தேடுவது?

முனிவர் தேடினாரல்லர். 1726 ஆம் ஆண்டளவில் தாம் இயற்றிய தேம்பாவணியிலே அத்திருநாளுக்கு வேறொரு குடில் கட்டினார் என்றே நாம் கருதுகின்றோம். 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட அப்பெருங்காப்பியத்துக்குத் தலைவர், திருமகவை வளர்த்த தச்சராகிய சூசையப்பர். அவர்க்கு வளன் என்று தமிழ்ப் பெயரே சூட்டினார். நாட்டுப் படலத்தைத் திறந்து பார்ப்பவர் வியப்புறாதிரார். யூதேயா நாடு அங்கே மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளையும் மருத நிலமாகக் காட்சி தருகின்றது! பூகோளம் கற்றவர் நகைக்கலாம். காவிய மரபறிந்தோர் நகையார். திருமகவு பிறந்த செய்தி பத்தாவதாகிய மகவருள் படலத்தில் வருகின்றது. அதற்குமுன் ஒன்பது படலம் நடந்துவந்த தமிழன், அயலூர்க் குழந்தையைக் காணச் செல்பவனாய் அங்கே நுழைவதில்லை.

விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி மாதாவும் குழந்தையைக் கையிலேந்திய தமிழ்ப் பெண்ணின் கோலத்தினள். அச்சிலை மனிலாவில் செய்விக்கப் பெற்று வந்ததென வரலாறு கூறும்.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடுவதில்லை. இங்ஙனம் உருமாற்றிக் கொடுத்தபின், தம் இளமைத் திருநாளில் அவர்க்கென எஞ்சியது யாது? இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம்மூரார் டிசம்பர் வந்தால் அதிரசமும் முறுக்கும் ஊரிலிருந்து வரவழைக்கின்றனர்; மாற்றம் சிறிதும் வாராமற் காக்க முயல்கின்றனர். அது குறையன்று, மக்களுக்கு வீட்டு மணம் தெரிய வேண்டுமன்றோ? முனிவரோ துறவி, மனையும் மக்களும் இல்லாதவர். தம் விழாவை ஈவதற்கு அவர்க்கிருந்த சுற்றம் ஏலாக்குறிச்சியும் ஆவூரும் போன்ற ஊர்களின் உழவரே. அவர்க்கு விளங்கும் உருவில் ஈந்தார். தமக்கெனப் பனியையும் வைத்துக் கொண்டாரல்லர். இழப்பின்றி இது நேர்ந்ததென்று நாம் சொல்லத் துணியோம்.

1747 ஆம் ஆண்டு பிப்ரவரி 4 ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அவர் உயிர் நீத்தார். ஆவூரில் இப்போதுள்ள பெரிய கோயில் எழுந்ததும் அவ்வாண்டே என்பர்.