கிருஷ்ணரையே கட்டிப்போட்ட காட்சி: யார் இந்த வில்லிபுத்தூரார்?

சித்திரை மாதம் கூவாகம் திருவிழா சமயத்தில் விழுப்புரம் லாட்ஜுகளில் ரூம் கிடைப்பது கஷ்டம். கூத்தாண்டவரைப் பார்க்க வரும் திருநங்கைகள் பலர் இங்கேதான் தங்குவார்கள். கூத்தாண்டவர் வேறு யாருமில்லை, அர்ஜுனன் மகன் அரவான். பாண்டவர்கள் ஜெயிக்க அவனைக் களப்பலி கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை.

ஆனால் வியாசர் பாரதத்தில் களப்பலி கிடையாது. அதில் அரவான் எட்டாம் நாள் போரில் சண்டை போட்டுத்தான் சாகிறான். களப்பலியைப் பாடிய தமிழ்ப் புலவர்களில் ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர்: வில்லிபுத்தூரார்.

பெயரைப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரியாழ்வார் நினைவாக வைத்த பெயர். இவர் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். இன்றைய விழுப்புரம், கடலூர் பக்கம்தான் அந்த நாடு. காலம் சுமார் 1400. வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் கேட்டுக்கொண்டதால் பாரதத்தைத் தமிழில் பாடினார். 10 பருவங்கள், 4,300-க்கும் மேற்பட்ட பாடல்கள்.

ஆள் கொஞ்சம் கெத்தானவர் போல. வாதத்தில் தோற்ற புலவர்களின் காதை அறுப்பார் என்றும், அருணகிரிநாதரின் கந்தரந்தாதிப் பாட்டு ஒன்றுக்கு உரை சொல்ல முடியாமல் தோற்றார் என்றும், அருணகிரியார் காதை அறுக்காமல் விட்டுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதைதான், ஆதாரம் கேட்கக் கூடாது!

சரி, பாரதப் போருக்கு யார் காரணம்? கிரேக்கத்து இலியட்டில் கடவுள்களே இரண்டு டீமாகப் பிரிந்து நிற்பார்கள். ஏதீனா கிரேக்கர் பக்கம், அப்பல்லோ டிராய் பக்கம். வில்லியிடம் அந்தக் குழப்பம் இல்லை. எல்லா நூலும் கிருஷ்ணர் ஒருவர் கையில். இத்தனைக்கும் வில்லி வைணவர். தன் சாமியை அவர் எப்படிக் காட்டுகிறார் என்பதுதான் சுவாரஸ்யம்.

தூது போகும் முன் கிருஷ்ணர், சகாதேவனைத் தனியே கூப்பிட்டுப் போரைத் தடுக்க வழி கேட்கிறார். அவன் அடுக்குகிறான். நாட்டைக் கர்ணனுக்குக் கொடுக்கணும், அர்ஜுனனைக் கொல்லணும், திரௌபதி கூந்தலை வெட்டணும், கடைசியாக உன்னையும் பிடித்துக் கட்டணும். அதாவது, போர் வேண்டும் என்று நினைப்பதே நீதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். முடிந்தால் கட்டு என்று கிருஷ்ணர் ஆயிரக்கணக்கான உருவம் எடுக்கிறார். சகாதேவனோ மூல உருவத்தைக் கண்டுபிடித்து மனசாலேயே கட்டிவிடுகிறான். அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்பது இப்போது கடவுள்! ஐந்து பேர் உயிரையும் காப்பாற்று என்று வாக்கு வாங்கிய பிறகே விடுகிறான். போரை நிறுத்து என்று மட்டும் அவன் கேட்கவில்லை.

அந்த வாக்குக்கான விலையைக் கர்ணன் கொடுக்கிறான். சாகக் கிடப்பவனிடம் கிருஷ்ணர் அந்தணர் வேஷத்தில் வந்து அவன் புண்ணியத்தையும் தானமாக வாங்கிக்கொள்கிறார். இதுவும் வியாசரில் இல்லை. 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தில் சிவாஜியும் என்.டி. ராமாராவும் நடித்து நம்மை அழவைத்த அதே காட்சிதான்.

போர் முடிந்ததும் வில்லி நிறுத்திக்கொண்டார். வியாசரின் மீதி 8 பருவங்களை அவர் தொடவில்லை. திண்டிவனம், செஞ்சி பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் சொல்வது பெரும்பாலும் வில்லி பாட்டு. ராத்திரி கூத்து. கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனனைப் படுகளத்தில் வீழ்த்துவார்கள். பிறகு திரௌபதி கூந்தலை முடிவாள். சகாதேவன் வெட்டச் சொன்ன அதே கூந்தல்.