வீரமாமுனிவரும் வளனும்

திண்டுக்கல் நகரிலே சூசையப்பர் திருப்பெயரால் விளங்கும் தேவாலயத்தை நம்மில் அறியாதார் இலர். 2003ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாக வகுக்கப்பெற்றபோது அதுவே பேராலயமாயிற்று. அப்புனிதரை நம்மவருள் ஒரு சாரார் சூசையப்பர் என்பர். மற்றொரு சாரார் யோசேப்பு என்பர். இவ்விரண்டுமன்றி வளன் என்னும் செந்தமிழ்ப் பெயரும் அவர்க்கு உண்டு. அப்பெயரைச் சூட்டியவர் தமிழ் நாட்டிற் பிறந்தவர் அல்லர் என்பதே வியப்பு. அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலி தேயத்துக் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்த கொன்ஸ்தாந்சோ பெஸ்கி, 1698இல் இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்டார். 1710இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். 1606இல் தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மிஷன் அது. அக்காலத்தில் நம் திண்டுக்கற் சீமையும் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

தமிழெழுத்தை முதன்முதற் கற்கத் தொடங்கியபோது பெஸ்கிக்கு வயது முப்பது. பேச்சுத் தமிழளவில் அமையாது, இலக்கணமும் காப்பியமும் திருக்குறளும் ஐயந்திரிபறக் கற்றார். தம் பெயர்ப் பொருள் தோன்றத் தைரியநாதர் எனப் பெயர் பூண்டார். பின்னர் வீரமாமுனிவர் எனப் போற்றப்பெற்றார். கற்றபின் அவர் காப்பியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் ஓர் ஏழைத் தச்சர்!

சுவிசேஷங்களில் யோசேப்பைப்பற்றி வருவன மிகச் சிலவே. தாவீதின் வழித்தோன்றல் என்பதும், கனவிலே கட்டளை பெற்றார் என்பதும், தாயையும் மகவையும் எகிப்துக்குக் கொண்டு சென்று காத்தார் என்பதும் மத்தேயுவால் அறிகின்றோம். இயேசு பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் காணப்பெற்ற நிகழ்ச்சிக்குப் பின் அவர் எங்கும் முன்வந்து நிற்கவில்லை. நான்கு சுவிசேஷங்களிலும் அவர் வாய்ச்சொல்லாக ஒன்றேனும் எழுதப்படவில்லை. பேசாத ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்குவது எளிதோ?

அரிய அச்செயலையே முனிவர் செய்து முடித்தார். 1726இல் நிறைவெய்திய தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 செய்யுளும் உடையது. வாடாத மாலை என்றும், தேன்போன்ற பாக்களாலாகிய அணி என்றும் அப்பெயர்க்குப் பொருள் கொள்வர். எபிரேய மொழியில் யோசேப்பு என்பது பெருக்கத்தைக் குறித்தலின் வளன் என்று தமிழாக்கினார் போலும். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் தமிழ்க் காப்பிய மரபிற்கேற்ப அமைத்தமையால், யூதேயா நம் மருத நிலம்போற் பொலிகின்றது. சுவிசேஷத்திற் காணாதவற்றை ஸ்பெயின் தேயத்து ஆகிரேதா மரியாள் எழுதிய நூலினின்றும் பிறவற்றினின்றும் எடுத்து விரித்தனர். ஆதலின் வேதம் கூறுவது இது, காப்பியம் கூறுவது இது என்று பகுத்தறிந்து கற்றல் மாணவர் கடன்.

எனினும் இரண்டும் ஒருங்கே ஒளிரும் இடம் ஒன்றுண்டு. மனைவியாக நியமிக்கப்பெற்ற மரியாள் கூடிவாழு முன்னரே கருவுற்றதைக் கண்ட யோசேப்பு, சட்டத்தின் துணைகொண்டு அவளை ஊரறிய இகழ்ந்திருக்கலாம். அங்ஙனம் செய்யாது, யாருமறியாவண்ணம் விலக எண்ணினார். அவ்வாறு எண்ணியவரையே மத்தேயு நீதிமான் என்கின்றார். பிறரைத் தண்டித்தலே நீதி என்று கருதும் உலகிற்கு, பிறர் மானங்காத்தலும் நீதியே என்று காட்டும் போதனை இது. தேவதூதன் வந்து உண்மை உரைப்பதற்கு முன்னரே, ஐயத்தின் இருளிலேயே அவர் இரக்கத்தைத் தெரிந்துகொண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. இவ்வருமை உணர்ந்தே முனிவரும் ஐயம் தோன்றியதையும் நீங்கியதையும் தனித்தனிப் படலங்களாக விரித்தனர்.

முனிவரது பிற தொண்டுகளும் பெரியன. எகர ஒகரக் குறில்கட்குப் புள்ளியிடும் பழைய வழக்கு ஏட்டெழுத்தில் நழுவியதால், குறிலும் நெடிலும் மயங்கின. அம்மயக்கந் தீர எழுத்து வடிவைத் திருத்தினார். 1730இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கமும், 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட சதுரகராதியும் இயற்றினார். நிகண்டை மனனஞ் செய்தார்க்கே எட்டிய சொற்பொருள், அகராதியால் யாவர்க்கும் எளிதாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

அவர்பாற் குறை இல்லையென்று நாம் கூறோம். தரங்கம்பாடிச் சீர்திருத்தச் சபையாரை மறுத்து அவர் எழுதியவற்றிற் கடுமை மிகுதி. அச்சபையாரோ 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர்கள். ஒரே வேதத்தைத் தமிழர்க்கு ஈய முயன்ற இரு சாராரும் ஒருவரையொருவர் பொறாது போயினர். காப்பியத் தலைவரின் சாந்தம் காப்பிய ஆசிரியரின் வாதங்களில் இல்லை என்பது வருந்தத்தக்கதே. அவ்வாதங்களை இன்று கற்போர் சிலர். தேம்பாவணியையோ இரு சபையாரும், சபை சாராத புலவரும் போற்றுகின்றனர்.

1747இல் முனிவர் இறைவனடி சேர்ந்தார். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை நிறுவப்பெற்றது. அச்சிலையினும் நிலைத்த நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. நாம் ஏகாரமும் ஓகாரமும் எழுதுந்தோறும் அவர் கைவண்ணத்தையே எழுதுகின்றோம். நண்பர்களே, சூசையப்பர் ஆலய மணியைக் கேட்கும்போது, பேசாது நன்மை செய்த வளனையும், அவரைத் தமிழிற் பேசவைத்த முனிவரையும் ஒருங்கே நினைப்போமாக.