கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.

நெல்லைச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் சிற்றூரில், 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் உலகநாதப் பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையைப் போலவே வக்கீலானார். ஏழைகளுக்காகக் கட்டணமின்றியும் வாதாடினார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பல் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. வெள்ளையர் ஆட்சியின் வேர் வாணிகத்தில் இருப்பதை உணர்ந்த வ.உ.சி., 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டம். மறு ஆண்டே 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

ஆங்கிலக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் இலவசப் பயணம் என்று அறிவித்து, ஏறுவோருக்குக் குடையும் பரிசளித்தனர்! அந்தக் குடைக்காக மனம் மாறியவர்களும் நம் மக்கள்தாம் என்று எண்ணும்போது வெள்ளையர்மீது கோபத்தைவிட வருத்தமே எனக்கு மேலிடுகிறது.

1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டனர். நிர்வாகம் சில நாள்களிலேயே பணிந்தது. அரசு பொறுக்கவில்லை. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில், மாட்டுக்குப் பதிலாக அந்த வக்கீலைச் செக்கிழுக்க வைத்தனர். அவர் சிறையிலிருக்கும்போதே கம்பெனி கலைக்கப்பட்டது. 'காலியா' போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அச்செய்தி அவருக்குச் செக்கைவிடப் பாரமாய் இருந்திருக்கும்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரை எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் இல்லை. தொழுநோயுற்ற சிவா காத்திருந்தார். வக்கீல் உரிமமும் பறிபோயிருந்ததால் சென்னையில் வறுமையில் உழன்றார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் இத்தனை துன்புற்றவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரை வீட்டில் நாள்தோறும் அழைத்தார்!

இறுதிக் காலத்தில் தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1936 நவம்பர் 18-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். நாடு விடுதலை பெற இன்னும் பதினோர் ஆண்டுகள் இருந்தன.