வெறுங்கால் வீரர் சிவதாச பாதுரி

ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலமலையை முகில் சூழும். தென்காசித் திருக்கோயில் வாயிலிலும் மெல்லிய சாரல் வந்து வீழும். 1911 ஆம் ஆண்டின் சாரற்காலத்திலோ அவ்வட்டாரத்தின் பெயர் வேறொரு காரணத்தால் நாடெங்கும் அறியப்பட்டது. அருகிலுள்ள செங்கோட்டையிற் பிறந்த வாஞ்சிநாதன், ஜூன் 17 அன்று மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் ஆட்சித்தலைவர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அடிமைத் தளையை அறுக்க வேண்டும் என்னும் வேட்கை அந்நாளில் அத்துணைக் கடுமையாக இருந்தது.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஜூலை 29 அன்று கல்கத்தா நகரில் இந்திய இளைஞர் சிலர், கையில் படைக்கலம் ஏதுமின்றி, ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை விளையாட்டுக் களத்தில் வென்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சிவதாச பாதுரி ஆவார்.

கால்பந்தாட்டம் ஆங்கிலேயரோடு நம் நாட்டிற்கு வந்தது. வங்காளியர் ஏட்டுப் படிப்பிற்கே உரியவர், உடல் வலி அற்றவர் என்று ஆங்கிலேயர் பலர் இகழ்ந்து பேசிய காலம் அது. அவ்விகழ்ச்சியைச் சொல்லால் மறுத்துப் பயனில்லை எனக் கண்ட இளைஞர், அவ்வாட்டத்தையே முயன்று பயின்றனர். 1889 இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1906 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து வணிகர் கோப்பையை வென்று புகழ் பெற்றது. அக்கழகத்தின் முன்னணியில் இடப்புற ஓரத்தில் ஆடியவர் சிவதாசர். பந்தைக் காலோடு ஒட்டியவாறே உருட்டிச்சென்று, எதிர்ப்பவரை ஏய்த்து விரைவதில் அவர் வல்லவர். அவருடைய தமையனார் விஜயதாசர் அவருக்கு அடுத்த இடத்திலேயே நின்று ஆடினார்.

1911 இல் இந்தியக் கால்பந்துக் கழகக் கேடயத்திற்கான போட்டியில் மோகன் பகான் கலந்துகொண்டது. பதினொருவருள் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்சு அணிந்தவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். தடித்த பூட்சு அணிந்த படைவீரரோடு வெறுங்காலில் மோதுவது எளிதன்று. எனினும் அவர்கள் அஞ்சவில்லை. சேவியர் கல்லூரிக் குழு, ரேஞ்சர்ஸ் குழு, ரைபிள் படைப்பிரிவு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வென்றனர். மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு ஆடிய ஆட்டம் முதலில் சமனாயிற்று. மறு ஆட்டத்தில் மோகன் பகானே வென்றது.

இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றது கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு. பல ஊர்களிலிருந்தும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். களத்தைக் காண இயலாது பின்னின்றோர்க்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு ஆட்டத்தின் நிலையை அறிவித்தனர். முதற்கோல் அடித்தவர் படைவீரர் ஜாக்சன். கூட்டம் வாடிற்று, சிவதாசர் வாடவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அவர் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். பின்னர் மீண்டும் பந்தோடு பாய்ந்து சென்றார். வெற்றிக் கோலையும் தாமே அடித்துப் புகழ்கொள்ள வேண்டும் என்று அவர் கருதினாரல்லர். தக்க இடத்தில் நின்ற அபிலாஷ் கோஷிடம் பந்தைச் சேர்ப்பித்தார். கோஷ் கோல் அடித்தார். இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. ஓர் ஆட்டம் அரசினை மாற்றிவிடவில்லை. ஆயின், தாம் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர் என்னும் உறுதியை அவ்வெற்றி மக்கள் நெஞ்சில் ஊன்றியது. மற்றோர் இந்தியக் குழு அக்கேடயத்தை வெல்வதற்கு 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதே அச்செயலின் அருமையைக் காட்டும். அதனைக் காணாமல் 1932 இல் சிவதாசர் மறைந்தார். எனினும், ஆண்டுதோறும் ஜூலை 29 ஆம் நாளை மோகன் பகான் கழகத்தார் விழாவாகக் கொண்டாடி வருகின்றனர்.

வலியாரை எதிர்க்கத் துணிவு வேண்டும்; வெற்றி நெருங்கும் வேளையில் அதனைத் தோழரோடு பகிர்ந்துகொள்ள அத்துணிவினும் பெரிய உள்ளம் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே பெற்றவர் சிவதாச பாதுரி.