சிறு வியாபாரி மகன் தந்த பாடம்

என்ஜினீயரிங் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் வரைபடம். ஒரு பொருளை முன்னிருந்தும் மேலிருந்தும் பார்த்தபடி, அளவு பிசகாமல் தாளில் வரையும் முறை அது. அதற்கு அடிப்படை வகுத்தவர் காஸ்பர் மோன்ஜ்.

இவர் 1746-ல் பிரான்சு நாட்டில் பிறந்தார். தந்தை சிறு வியாபாரி. மெசியேர் நகரில் ராணுவ என்ஜினீயர் பள்ளி இருந்தது. உயர்குடிப் பிள்ளைகளே அங்கு மாணவராகலாம். மோன்ஜுக்குக் கிடைத்தது படம் வரையும் வேலைதான்.

ஒரு முறை, கோட்டை ஒன்றுக்குக் கணக்குப் போடும்படி அவரிடம் சொன்னார்கள். பலர் நாள் கணக்கில் போடும் கணக்கு அது. மோன்ஜ் படம் வரைந்தே விரைவில் விடை கண்டார். மேலதிகாரி முதலில் நம்பவில்லை. சோதித்த பிறகே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த முறை ராணுவ ரகசியமாயிற்று. வெளியே சொல்ல மோன்ஜுக்கு அனுமதியில்லை.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1794-ல் பாரிஸில் புதிய என்ஜினீயர் கல்லூரி தோன்றியது. குலம் பார்க்காமல், தேர்வில் தேறியவர்களைச் சேர்த்தார்கள். அதை அமைத்தவர்களுள் மோன்ஜும் ஒருவர். 1795-ல் தமது முறையை வெளிப்படையாகக் கற்பித்தார். ரகசியம் பாடமாயிற்று.

மோன்ஜ் நெப்போலியனின் நண்பர். நெப்போலியன் வீழ்ந்ததும் அவர் பதவிகளை இழந்தார். 1818-ல் காலமானார். இறுதிச் சடங்குக்குப் போக மாணவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் அவர்கள் கல்லறைக்கே சென்று மலர்வளையம் வைத்து வணங்கினார்கள்.