புயலுக்குப் பெயர் சூட்டிய பிடிங்டன்

ஐப்பசி பிறந்துவிட்டால் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களின் நினைவெல்லாம் சோழமண்டலக் கரையை நாடிச் செல்வது வழக்கம். நாகப்பட்டினத்தில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், கடலூரில் காற்று எவ்வாறுள்ளது, தூத்துக்குடியில் படகுகள் கரை திரும்பினவா என்று கவலையோடு கேட்டறிகின்றோம். புயல் வருமுன் அதன் வரவை அறிவிக்கும் இவ்வேற்பாடு தானே முளைத்ததன்று. இதற்கு வித்திட்டோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஹென்றி பிடிங்டன் என்னும் கப்பல் தலைவர். புயலைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் சைக்ளோன் என்ற சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே. அன்னாரின் வாழ்க்கையைச் சங்கத்தின் இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து சசெக்ஸ் மாகாணத்தில் பிறந்தார். கடல்வழித் தொழிலையே மேற்கொண்டு, இந்தியாவிற்கும் சீனத்திற்கும் சென்று வரும் வணிகக் கப்பல்களில் பணியாற்றித் தலைவர் பதவிக்கு உயர்ந்தார். பின்னர்க் கடல் வாழ்வைத் துறந்து வங்காளத்தில் நிலைத்தார். கல்கத்தாவில் அவர் பார்த்த வேலைகள் பல. 1832-இல் இந்தியத் தாவரங்களுக்கு ஒரு பெயரகராதி வெளியிட்டார். கனிப்பொருட்சாலை ஒன்றின் காப்பாளராக இருந்தார். சேதமுற்ற கப்பல்களைப் பற்றி விசாரிக்கும் மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது இவற்றுள் எதுவுமன்று. பிறர் எழுதிய கப்பற் குறிப்பேடுகளை அவர் படித்த விதமே ஆகும்.

கப்பற் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் லாக் புத்தகம் என்பர். லாக் என்றால் மரக்கட்டை. அக்காலத்தில் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கைநழுவி ஓடின என்று எண்ணி ஏட்டில் எழுதுவார்கள். கட்டை அளந்த கணக்கை எழுதும் ஏட்டிற்குக் கட்டையின் பெயரே வந்து சேர்ந்தது. வேகத்தோடு காற்றின் திசை, அதன் வலிமை, வானத்தின் நிலை, பாரமானி காட்டும் அளவு, நண்பகலில் கப்பல் நின்ற இடம் ஆகியவற்றையும் அதில் பதிவது கடமை. மழையில் நனைந்து, உறக்கமின்றி, ஆடும் விளக்கொளியில் எழுதிய வரிகள் அவை. அக்கப்பல்களில் பாய்மரம் ஏறி உயிரைப் பணயம் வைத்த நம் நாட்டு லஸ்கர்கள் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

நம் கரைக்குப் புயல் புதியதன்று. 1746 அக்டோபரில் சென்னைக்கு முன்னே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படை ஒரே இரவில் சிதறியது. 1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களுக்கும் அக்கதியே நேர்ந்தது. சோழமண்டலக் கரையில் கம்பெனிச் சேவையில் இருந்த ஜேம்ஸ் காப்பர் என்பவர் 1801-இல் வெளியிட்ட நூலில், இப்பெருங்காற்றுகள் நேராக வீசுவன அல்ல, சுழன்று வீசுவன என்று உய்த்துரைத்தார். அமெரிக்காவில் ரெட்ஃபீல்டு என்பவரும் 1831-இல் இக்கருத்தை வெளியிட்டார். 1838-இல் வில்லியம் ரீடு என்ற இராணுவப் பொறியாளர் கப்பற் குறிப்புகளைத் திரட்டிப் புயலின் விதியை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அந்நூல் பிடிங்டன் கையில் கிடைத்தது. அந்நாள் தொட்டு இறுதி வரை அவர் சிந்தையில் வேறொன்றும் முதலிடம் பெறவில்லை எனலாம்.

1839 ஜூன் மாதம் ஹூக்ளி ஆற்றையும் வங்காள விரிகுடாவையும் ஒரு புயல் கலக்கியது. அதில் அகப்பட்டும் தப்பியும் துறைமுகம் சேர்ந்த கப்பல்களின் ஏடுகளை பிடிங்டன் கேட்டு வாங்கினார். குறித்த நாளில், குறித்த வேளையில், ஒவ்வொரு கப்பலும் எங்கே நின்றது, அங்கே காற்று எத்திசையிலிருந்து வீசியது என்று பட்டியலிட்டார். பிறகு அக்கப்பல்களை ஒரே கடற்படத்தில் குறித்துக் காற்றின் திசைக்கு அம்புகள் வரைந்தார். ஒரு கப்பலுக்கு வடகாற்று, வேறொன்றிற்கு மேல்காற்று, இன்னொன்றிற்குத் தென்காற்று. தனித்தனியே நோக்கினால் ஒன்றையொன்று மறுக்கும் சாட்சிகள். படத்தில் சேர்த்து நோக்கினாலோ அம்புகள் யாவும் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து நின்றன. அவ்வெற்றிடமே புயலின் மையம். மறுநாள் கணக்கையும் அவ்வாறே குறித்தால் மையம் எவ்வளவு தூரம், எத்திசையில் நகர்ந்தது என்பதும் புலனாயிற்று. இந்த ஆராய்ச்சியை வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் அவ்வாண்டே வெளியிட்டார்.

ரயில்வேயில் பணிபுரியும் நம்மனோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஒரு நிலையத்தில் இருப்பவருக்குத் தம் நிலையத்தைக் கடந்த வண்டியின் நேரம் மட்டுமே தெரியும். வண்டி ஏன் தாமதித்தது, எதற்காக எங்கே நிறுத்தப்பட்டது என்று அவர் அறியார். ஒவ்வொரு நிலையமும் சொல்லும் நேரத்தைக் கண்ட்ரோல் அலுவலகத்தில் ஒரே வரைபடத்தில் கோடிட்ட பிறகுதான் முழுப் பாதையின் நிலைமையும் கண்முன் தோன்றும். நிலையங்கள் இல்லாத கடலில், இறந்த காலத்தின் புயலுக்கு, பிடிங்டன் தனியொருவராய் அமர்ந்து இத்தகைய வரைபடத்தை வரைந்தார். ஒரு நிலையத்தார் நேரத்தைப் பிசகாய்ச் சொன்னால் கோடு முழுதும் பிசகிவிடும். அதுபோல் ஒரு மாலுமி அச்சத்தாலோ சோம்பலாலோ காற்றைத் தவறாக எழுதியிருந்தால் மையமும் இடம் மாறிவிடும். ஆதலால் அவர் ஒவ்வோர் ஏட்டையும் மற்ற ஏடுகளோடு ஒப்பிட்டே ஏற்றார்.

அவ்வாண்டு நவம்பரில் ஆந்திரக் கரையில் காக்கிநாடாவிற்கு அண்மையிலுள்ள கோரிங்கா என்னும் துறைமுகத்தைப் புயலோடு எழுந்த பேரலை விழுங்கியது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். புயலில் காற்றைவிடக் கொடியது அதனுடன் ஏறிவரும் கடல் நீரே என்பதை பிடிங்டன் உள்ளத்தில் பதித்துக்கொண்டார். 1855 வரை இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் எழுதினார். ஒவ்வொன்றும் ஏடுகளைத் திரட்டி நாள்தோறும் கணக்கிட்டு எழுதியதாகும்.

அவற்றுள் ஒன்று சார்லஸ் ஹெடில் என்ற இருபாய்மரக் கப்பலின் கதை. மொரீஷியஸ் தீவினின்று 1845 பிப்ரவரியில் புறப்பட்ட அக்கப்பல் புயலின் முன்னே பாய் சுருக்கி ஓடத் தொடங்கியது. ஐந்து நாட்கள் ஓடியது. நெடுந்தூரம் சென்றுவிட்டோம் என்றே கப்பலோர் எண்ணியிருப்பர். ஆனால் ஏட்டிலுள்ள திசைகளை பிடிங்டன் படத்தில் இட்டபோது, அது செக்கு மாட்டைப்போல் புயலின் மையத்தை மீண்டும் மீண்டும் சுற்றி வந்தது தெளிவாயிற்று. ஓடிய தூரம் ஆயிரம் மைலுக்கு மேல். நேர்க்கோட்டில் கடந்ததோ நானூறு மைலுக்கும் குறைவு. புயல் சுழல்கிறது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை அன்றோ! புயலுக்கு அஞ்சிக் கண்மூடி ஓடுதல் புயலையே சுற்றுவதாய் முடியலாம் என்ற பாடமும் மாலுமிகளுக்குக் கிடைத்தது.

கற்றதைக் கட்டுரையில் அடைத்து வைக்க அவர் விரும்பவில்லை. 1844-இல் இந்திய, சீனக் கடல்களுக்கென ஒரு கைநூலையும், 1848-இல் எல்லாக் கடல்களுக்கும் பயன்படும் விரிவான நூலையும் வெளியிட்டார். ஹார்ன்-புக் என்று பெயரிட்டார். ஆங்கிலச் சிறுவர்கள் பழங்காலத்தில் எழுத்துப் பயின்ற ஏட்டின்மேல் மெல்லிய கொம்புத் தகடு பதித்திருக்கும். ஆகவே அச்சொல்லுக்கு நம் வழக்கில் அரிச்சுவடி என்று பொருள் கொள்ளலாம். நூலோடு, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் தந்தார். அவற்றில் புயலின் வட்டமும் காற்றின் அம்புகளும் வரைந்திருந்தன. பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகவும், தென்பாதியில் கடிகார முள்ளைப் போலவும் சுழல்வதால் தகடுகளும் இருவகை. தலைவன் தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்துத் தனக்கு வீசும் காற்றோடு பொருத்திப் பார்த்தால் மையம் எங்கே என்று ஏறக்குறைய அறியலாம். நம் கடல்களில் காற்றுக்கு முகங்கொடுத்து நின்றால் மையம் வலக்கைப் பக்கம் என்பது அதன் சாரம்.

1848-ஆம் ஆண்டு நூலில்தான் சைக்ளோன் என்ற சொல்லை அவர் முன்வைத்தார். கிரேக்க மொழியில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லடியாக அதனை ஆக்கினார். பாம்பு சுருண்டு கிடக்கும் சுருளும் அதன் பொருளில் அடங்கும். காற்று சரியான வட்டத்தில் வீசுகிறதோ, சற்று உள்நோக்கி வளைகிறதோ என்பது அன்று முடிவாகவில்லை. ஆதலால் இரண்டிற்கும் பொருந்தும் சொல்லாகத் தேர்ந்தார். காற்று உள்நோக்கியே வளைகிறது என்று பின்வந்தோர் நிறுவியபோதும் சொல் பழுதுபடவில்லை. அறிந்ததற்கு மேல் கூறாத அடக்கம் ஒரு சொல்லிலும் வெளிப்படும் என்பதற்கு இது சான்று.

இனி அவர் வாழ்வின் துயரமான பகுதியைக் கூறுகின்றோம். ஹூக்ளி ஆறு மணல் தூர்ந்து கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுப் போகுமோ என்று அஞ்சிய அதிகாரிகள், சுந்தரவனக் காடுகளின் ஓரத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் காண எண்ணினர். 1853-இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிப் பிரபுவிற்கு ஒரு கடிதம் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். அவ்விடம் புயலலையின் வழியில் உள்ளது; என்றேனும் ஒருநாள் உப்புநீர் ஆளுயரத்திற்கும் மேல் எழுந்து ஊரையும் மக்களையும் மூழ்கடிக்கும்; அலையைத் தடுத்து நிற்கும் காட்டை அழிப்பது தகாது என்பது அதன் கருத்து. ஆண்டுக்கணக்காகப் பார்த்த ஏடுகளே அவருக்கு ஆதாரம். சர்க்கார் செவிசாய்க்கவில்லை. 1858 ஏப்ரல் 7-ஆம் நாள், 61-ஆம் வயதில், பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார்.

துறைமுகம் எழுந்தது. கானிங் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து ரயில் பாதையும் போடப்பட்டது. 1867 நவம்பர் முதல் நாள் புயல் வந்தது. ஆறடி உயர அலையும் உடன் வந்தது. ரயில் நிலையமும் சரக்குக் கொட்டகைகளும் வீழ்ந்தன. சில ஆண்டுகளில் கப்பல்கள் வருவதே நின்று துறைமுகம் கைவிடப்பட்டது. இன்றும் சியால்டாவிலிருந்து கானிங் செல்லும் லோக்கல் வண்டி உண்டு. கண்ட கனவுத் துறைமுகந்தான் இல்லை.

அவர் உழைப்பு வீண்போனதோ எனில், இல்லை. 1864 அக்டோபர் 5-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டபின், மறு ஆண்டு அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. அவர் எச்சரித்த கடலலை 1964 டிசம்பரில் நம் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியை மக்களோடு இழுத்துச் சென்றதை ரயில்வேக் குடும்பத்தார் எவரும் மறவார். அரபிக்கடலும் சாதுவானதன்று. 2021 மே மாதம் தாக்டே புயலில் மும்பைக்கு மேற்கே எண்ணெய்க் கிணறுகளின் அருகே பி-305 என்ற மிதவைக் கலம் மூழ்கி அறுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர்.

பழைய ஏடுகளோ இன்று புதிய பணி செய்கின்றன. பிடிங்டன் டல்ஹவுசிக்கு எழுதிய அதே 1853-இல், அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாரியின் முயற்சியால் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாட்டார் கூடி, கடலில் வானிலையைப் பதிவதற்கு ஒரே முறையை வகுத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் ஏடுகள் லண்டன் நூலகத்தில் காக்கப்படுகின்றன. அவற்றுள் 1789 முதல் 1834 வரை எழுதிய 891 ஏடுகளிலிருந்து இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட வானிலைக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்து 2012-இல் வெளியிட்டனர். கரையில் வானிலைக் கூடங்கள் அரிதாயிருந்த காலத்தில் கடற்காற்று எவ்வளவு வெப்பமாயிருந்தது, அழுத்தம் எவ்வளவு என்பதை இவற்றால் அறிகின்றனர். பூமி வெப்பமடைந்து வருவதை அளக்க, முன்பு இருந்த நிலை தெரிய வேண்டுமன்றோ?

அந்த ஏடுகளை எழுதியவர்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் யாரோ படிப்பார்கள் என்று எழுதவில்லை. நான்கு மணி நேரக் காவல் முடிந்து, கண்டதைக் கண்டவாறு எழுதிவிட்டுப் படுக்கச் சென்றார்கள். ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதுவோரும், ஆலையில் ஷிப்டுக் கணக்கு எழுதுவோரும், வீட்டு வரவுசெலவு எழுதும் தாய்மாரும் நம் குடியிருப்புகளில் பலர் உளர். எழுதும் கைக்கு அதன் முழுப் பயன் தெரிவதில்லை. உண்மையாய் எழுதுதல் எழுதுவோர் கடமை. அவற்றை ஒருங்கு சேர்த்து நோக்குதல் அறிஞர் கடமை. நோக்கியவர் உரைக்கும் எச்சரிக்கையைச் செவிமடுத்தல் ஆள்வோர் கடமை. முதலிரண்டும் நிறைவேறியும் மூன்றாவது தவறியதால் மாத்லாக் கரையில் ஒரு துறைமுகம் அழிந்தது. கடலோரம் காடு வெட்டிக் கட்டடம் எழுப்பும் திட்டம் எங்கே வரினும், பிடிங்டனின் கடிதத்தை ஒருமுறை நினைந்து பார்ப்பது நன்று.